வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: சளியைத் தள்ளாத மூச்சுக்குழாய்க்கு ஊற்றுநீர்ச் சிகிச்சை உதவுமா?

பிரைமரி சிலியரி டிஸ்கைனீசியா என்னும் அரிய நோயைப் பற்றிச் சில இதழ்களுக்கு முன் இந்தப் பகுதியில் சுருக்கமாக எழுதியிருந்தேன். பி.சி.டி. என்று சுருக்கி அழைக்கப்படும் அந்த நோயுள்ளவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அதைப் படித்துவிட்டுக் கடிதங்கள் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவை ஐரோப்பாவில் நீண்ட காலமாக நடைமுறையில் உள்ள ஊற்றுநீர்ச் சிகிச்சை, உப்புக்காற்றுச் சிகிச்சை ஆகியவற்றைப் பற்றியவை என்பதால், இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முந்தைய பதிலைப் படிக்காதவர்களுக்காக நோயைப் பற்றிச் சில வரிகள். நம்முடைய மூக்கின் உட்புறத்திலும் மூச்சுக்குழாய்களின் உட்சுவரிலும் சிலியா எனப்படும் நுண்மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. அவை ஒரு நொடிக்குப் பத்துத் தடவைக்கும் மேலாக ஒரே திசையில் அசைந்து, தூசியையும் கிருமியையும் பிடித்து வைத்திருக்கும் சளிப்படலத்தைத் தொண்டையை நோக்கி ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. பி.சி.டி. உள்ளவர்களுக்கு இந்த நுண்மயிர்கள் அசைவதில்லை, அல்லது ஒழுங்கின்றி அசைகின்றன. தேங்கிய சளியில் கிருமிகள் குடியேறுகின்றன. சைனஸ், காது, நுரையீரல் மூன்றும் திரும்பத் திரும்ப நோய்த்தொற்றுக்கு உள்ளாகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல மூச்சுக்குழாய்கள் தளர்ந்து விரிந்து பிராங்கியெக்டாசிஸ் என்னும் நிலைக்கு வந்துவிடுகின்றன. ஏறத்தாழ பாதிப் பேருக்கு உடலுறுப்புகள் இடம் வலமாக மாறியிருக்கும். அந்த இடமாற்றமும் சைனஸ் தொல்லையும் பிராங்கியெக்டாசிஸும் சேர்ந்து வருவதை 1933இல் விரிவாக எழுதியவர் சூரிக் நகர மருத்துவரான மானெஸ் கார்த்தகெனர். காரணம் நுண்மயிர்களின் உள்ளமைப்பில் இருக்கிறது என்பதை 1976இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகக் காட்டியவர் சுவீடனின் பியோர்ன் அஃப்சேலியஸ்.

*

கேள்வி: ஐயா, என் மகனுக்கு ஒன்பது வயது. பிறந்த அன்றே மூச்சு முட்டி ஒக்சிசன் வைத்தார்கள். அன்றிலிருந்து சளியும் இருமலும் இல்லாத நாளே இல்லை. இதயம் வலப்பக்கம் இருப்பதைப் பார்த்துத்தான் இந்த நோய் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இப்போது எங்கள் வைத்தியர், லா பூர்பூல் என்ற ஊரில் மூன்று கிழமை தங்கி ஊற்றுநீர்ச் சிகிச்சை எடுக்கும்படி எழுதித் தந்திருக்கிறார். உறவினர்களோ, குளிக்கப் போவதற்குமா அரசாங்கம் காசு கொடுக்கிறது என்கிறார்கள். அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருப்பதாகவும் வாசித்தேன். பிள்ளையை நம்பிக் கூட்டிப் போகலாமா? நாங்கள் தினமும் செய்கிற பிசியோதெரபியை அந்த மூன்று கிழமைக்கு நிறுத்தி அவனுக்கு ஓய்வு கொடுக்கலாமா?

— ஒரு தாய், பாரிஸ்

பதில்: உங்களுடைய கடைசிக் கேள்விக்கே முதலில் விடை சொல்லிவிடுகிறேன், அம்மா. ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பது விளங்கினால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் வழி பிறந்துவிடும்.

பிரான்சில் ‘கூர் தெர்மால்’ என்று அழைக்கப்படும் இந்தச் சிகிச்சை, நம் ஊரில் ஸ்பா என்ற சொல்லைக் கேட்டவுடன் நினைவுக்கு வரும் எண்ணெய்த் தேய்ப்பும் அழகுப் பராமரிப்பும் அன்று. மருத்துவர் எழுதிக் கொடுத்து, மருத்துவக் காப்புறுதி நிதியம் ஒப்புதல் அளித்தால்தான் அதன் செலவில் நிதியத்தின் பங்கு கிடைக்கும். சென்ற இடத்திலும் ஊற்றுநீர் மருத்துவர் ஒருவர் பிள்ளையைப் பரிசோதித்து, எந்தச் சிகிச்சை, எத்தனை நிமிடம் என்று எழுதித் தருவார். சிகிச்சை நாட்கள் 18. ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்தால் மூன்று வாரங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இதற்கு அனுமதி உண்டு. வழக்கமாகச் சிகிச்சைக் கட்டணத்தில் 65 சதவீதத்தையும் மருத்துவர் கண்காணிப்புக் கட்டணத்தில் 70 சதவீதத்தையும் நிதியம் ஏற்கிறது. தங்குமிடம், பயணம் ஆகியவற்றுக்கான உதவி குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. உங்கள் மகனின் நோய் நீண்டகால நோயாகப் பதிவாகியிருந்தால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கக்கூடும் என்பதால், புறப்படுவதற்கு முன்பே நிதியத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓவெர்ன் மலைப்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் லா பூர்பூல், குழந்தைகளின் மூச்சு நோய்களுக்கும் தோல் நோய்களுக்கும் நெடுங்காலமாகப் பெயர்பெற்ற ஊர். அங்கே உங்கள் மகனுக்கு நடக்கப்போவதில் குளியல் ஒரு சிறு பகுதி மட்டுமே. ஊற்றுநீரை மிக நுண்ணிய துளிகளாக்கி முகமூடி வழியாக உள்ளிழுக்கச் செய்வார்கள், நீர்ப்புகை நிறைந்த அறையில் உட்கார வைப்பார்கள், மூக்கைக் கழுவுவார்கள், தொண்டையைக் கொப்பளிக்கச் செய்வார்கள். சில பிள்ளைகளுக்கு மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குச் செல்லும் குழாயினுள் ஊற்றுவாயுவைச் செலுத்துவதும் உண்டு. உங்கள் மகனுக்குச் செவிப்பறையில் துளை இருந்தாலோ, கிராமெட் என்னும் சிறு குழாய் பொருத்தியிருந்தாலோ அதை முதல் நாளே ஊற்றுநீர் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது அடிப்படையான செய்திக்கு வருகிறேன். ஊற்றுநீர்ச் சிகிச்சை குறித்து இதுவரை நடந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் ஆஸ்துமா, நாட்பட்ட சைனஸ் அழற்சி, புகைப்பழக்கத்தால் வரும் நுரையீரல் நோய் முதலியவற்றைப் பற்றியவை. அந்த நோயாளிகளுக்கு நுண்மயிர்கள் குறைந்த வேகத்திலேனும் அசைந்துகொண்டிருக்கின்றன. நீர்த்துளிகள் சளியை இளக்கிவிட்டால் அதை மேலே தள்ளிக் கொண்டுவர அந்த நுண்மயிர்கள் இருக்கின்றன. உங்கள் மகனுக்கு அந்தத் துணை இல்லை. நீர் அவனுடைய சளியை இளக்கும், ஆனால் நகர்த்தாது. இளகிய சளியை வெளியே கொண்டுவர அவனிடம் இருப்பவை இருமலும், ஓட்டமும், நீங்கள் நாள்தோறும் கற்றுக்கொடுத்துச் செய்யும் மூச்சுப்பயிற்சியுமே. எனவே உள்ளிழுக்கும் சிகிச்சை முடிந்ததும், அரை மணி நேரத்துக்குள், சளி வெளியேற்றும் பிசியோதெரபி நடக்கும்படி அட்டவணை அமைய வேண்டும். இது பலருக்குத் தோன்றுவதில்லை. ஊற்றுநீர் நிலையத்தில் காலையில் நீர்ப்புகை அறை, மாலையில் பிசியோதெரபி என்று தனித்தனியே நேரம் ஒதுக்கிவிடுவார்கள். ஊரில் பிசியோதெரபிஸ்ட் ஒருவரை முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, உங்கள் மகனின் நேரத்தைச் சிகிச்சைக்கு அடுத்ததாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தாலும் பயணத்தின் பயன் பெரிதும் கூடும் என்று நான் நம்புகிறேன்.

ஆர்சனிக் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானதே. லா பூர்பூல் நீரில் ஆர்சனிக் இருப்பது மெய். 19ஆம் நூற்றாண்டில், ஆர்சனிக் கரைசலையே மருந்தாகக் கொடுத்துவந்த காலத்தில், அதுதான் அந்த ஊரின் புகழுக்கும் காரணமாக இருந்தது. மூன்று வாரம் மூக்கைக் கழுவுவதாலும் கொப்பளித்துத் துப்புவதாலும் உடலில் சேரும் அளவைக் கண்டு நான் கலங்கமாட்டேன். ஆனால் அந்த நீரைக் குடிப்பதும் சிகிச்சையில் சேர்க்கப்பட்டிருந்தால், ‘என் மகனுக்கு மூச்சுக்குழாயில் நோய், குடிப்பதால் அவனுக்குக் கிடைக்கும் நன்மை என்ன?’ என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். தக்க விடை கிடைக்காவிட்டால் அதை மட்டும் மறுத்துவிடலாம். மற்றச் சிகிச்சைகள் அதனால் பாதிக்கப்படா.

அவனைக் குணப்படுத்துமா என்றால், குணப்படுத்தாது. இது மரபணுக்களால் வரும் நோய். 50க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இதற்குக் காரணமாக இனங்காணப்பட்டுள்ளன. எந்த ஊற்றும் அவற்றைத் தொடப்போவதில்லை. ஆனால் நகரத்தின் வாகனப் புகையிலிருந்து விலகி, பள்ளிக்கும் வேலைக்கும் ஓட வேண்டிய அவசரமின்றி, மூன்று வாரம் முழுவதும் பிள்ளையின் மூச்சுக்காகவே நாளை வகுத்துக்கொண்டு வாழ்வது பாரிஸில் உங்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு. மலைப்பாதையில் அவன் ஏறி இறங்கி மூச்சு வாங்குவதும் சிகிச்சைதான். அதற்காகப் போய்வாருங்கள். புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் சளியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். காய்ச்சலோ, சளியின் நிறமாற்றமோ, வழக்கத்தைவிடக் கூடுதலான இருமலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

*

கேள்வி: நாங்கள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே இருக்கிறோம். எங்கள் மகளுக்குப் பதின்மூன்று வயது. அவளுக்கும் இதே நோய்தான். மருத்துவமனையில் சில வாரம் தங்கிப் பெறும் மறுவாழ்வுச் சிகிச்சைக்காக நாங்கள் கொடுத்த விண்ணப்பத்தை, அவள் இருக்கும் ஊரிலேயே சிகிச்சை பெறலாம் என்று கூறி நிராகரித்துவிட்டார்கள். மறுபடியும் முயல்வதா? கிடைத்தால் வட கடல் தீவு நல்லதா, ஆல்ப்ஸ் மலை நல்லதா?

— ஒரு தந்தை, ஜெர்மனி

பதில்: கட்டாயம் முயலுங்கள். நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காரணங்களை விரிவாகப் பின்னர் அனுப்புவதாகக் குறிப்பிட்டு, மறுப்பை மட்டும் காலக்கெடுவுக்குள் அனுப்பிவிடலாம். பிறகு, மகளைப் பார்க்கும் நுரையீரல் மருத்துவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். ‘அரிய நோய்’ என்று பொதுவாக எழுதினால் போதாது. கடந்த ஓராண்டில் எத்தனை முறை ஆன்டிபயாடிக் தேவைப்பட்டது, எத்தனை நாள் பள்ளிக்குச் செல்லவில்லை, மூச்சளவு எவ்வளவு குறைந்திருக்கிறது, ஊரில் கிடைக்கும் வாரம் ஓரிரு பிசியோதெரபி அமர்வுகள் ஏன் போதவில்லை என்பவை அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கான மறுவாழ்வுச் சிகிச்சையை ஓய்வூதியக் காப்புறுதி நிறுவனம் கட்டாயம் வழங்கவேண்டிய பயன்களில் ஒன்றாக 2017 முதல் சட்டம் ஆக்கியிருக்கிறது. ஒரு முறை பெற்றால் அடுத்த முறைக்கு நான்காண்டு காத்திருக்க வேண்டும் என்று பெரியவர்களுக்கு உள்ள விதியும் குழந்தைகளுக்கு இல்லை. பன்னிரண்டு வயது நிறைவடையும் வரை பெற்றோரில் ஒருவர் உடன் தங்கலாம். உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டதால், துணை தேவையென்று மருத்துவர் காரணத்தோடு எழுதினால்தான் அனுமதி கிடைக்கும். வழக்கமாக நான்கு வாரங்கள். முக்கியப் பாடங்களுக்கான வகுப்புகள் அங்கேயே நடக்கும் என்பதால் படிப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

கடலா மலையா என்பதில் நான் காற்றைவிட ஆட்களைப் பார்ப்பேன். வட கடல் தீவுகளில் அலை உடையும் கரையோரம் நடக்கும்போது நுண்ணிய உப்புத் துளிகள் மூச்சோடு உள்ளே செல்கின்றன. மகரந்தமும் தூசியும் அங்கே குறைவு. ஆல்ப்ஸ் மலையின் உயரமான இடங்களில் வீட்டுத் தூசிப் பூச்சிகள் குறைவு என்பதால் ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கு அது நல்ல இடம், பி.சி.டி.யோ ஒவ்வாமையால் வருவதன்று. எனவே மகளுக்கு ஆஸ்துமாவும் சேர்ந்து இல்லையென்றால், மலைக்குத் தனிச்சிறப்பு எதையும் நான் தரமாட்டேன். மாறாக, அந்த மருத்துவமனையில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், பி.சி.டி. போன்ற, சளி தேங்கும் நோய்களைக் கையாண்டு பழகிய பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். அம்ரும் தீவிலுள்ள சாட்டெல்டூனே மருத்துவமனை அவ்வகை நோயுள்ள குழந்தைகளை நெடுநாளாகப் பார்த்துவரும் ஒன்று. விண்ணப்பத்தில் நீங்கள் விரும்பும் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிட உங்களுக்கு உரிமை உண்டு. அதைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள்.

பதின்மூன்று வயது என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்தை நுண்துளிகளாக்கி உள்ளிழுக்க உதவும் நெபுலைசர் கருவியை அம்மா சொல்லித்தான் எடுப்பேன் என்ற நிலையிலிருந்து, தானே எடுத்துச் செய்யும் நிலைக்குப் பிள்ளைகள் மாற வேண்டிய பருவம் இது. மாறாமல் முரண்டு பிடித்துப் பயிற்சியையே கைவிடுவதும் இந்தப் பருவத்தில்தான். தன்னைப் போலவே காலையில் எழுந்து சளி எடுக்கும் வேறு பிள்ளைகளோடு நான்கு வாரம் வாழ்வது, பெற்றோர் ஆயிரம் முறை சொல்வதைவிட ஆழமாகப் பதியும். அந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

*

கேள்வி: எனக்கு 34 வயது. பி.சி.டி.யும் அதனால் வந்த பிராங்கியெக்டாசிஸும் இருக்கின்றன. இங்கே உப்புச் சுவர்கள் கொண்ட அறையில் உட்கார வைத்து மூச்சுநோய்க்குச் சிகிச்சை தருவதாக விளம்பரம் பார்த்தேன். போலந்தில் உப்புச் சுரங்கத்திலேயே இந்தச் சிகிச்சை நடப்பதாகச் சொல்கிறார்கள். இந்த அறை போதுமா, அல்லது செலவானாலும் பரவாயில்லை என்று போலந்துக்கே போய்விடட்டுமா?

— வாசகர், சென்னை

பதில்: நீங்கள் குறிப்பிடுவது கிராக்கோவ் அருகிலுள்ள வியெலிச்கா சுரங்கம். அங்கே பணிபுரிந்த ஃபெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி என்னும் மருத்துவர் 1839இல் உப்புநீர்க் குளியலைத் தொடங்கினார்; 1958இல் மியெச்சிஸ்வாஃப் ஸ்குலிமோவ்ஸ்கி சுரங்கத்துக்குள்ளேயே ஆஸ்துமா நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்க ஆரம்பித்தார். இன்றும் நிலத்துக்கு 135 மீட்டர் கீழே அது நடக்கிறது. போலந்திலேயே சியெகோச்சினெக் என்ற ஊரில் கருமுள் மரக்கிளைகளை அடுக்கிக் கட்டிய மூன்று பெரிய மதில்கள் நிற்கின்றன. மொத்த நீளம் 1,700 மீட்டருக்கு மேல். உப்பு காய்ச்சுவதற்காக 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டவை அவை. மேலிருந்து சொட்டும் உப்புநீர் கிளைகளில் பட்டுச் சிதறுவதால் சுற்றிலும் கடற்கரைக் காற்றுப்போல் உப்பு நிறைந்திருக்கும். மக்கள் அதன் ஓரமாக நடந்து மூச்சு வாங்குகிறார்கள்.

உப்பு உங்களுக்கு உதவாது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயுள்ள இளைஞர்களில் கடலில் அலைச்சறுக்கு விளையாடுபவர்கள் சற்று நலமாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அதைத் தொடர்ந்து நடந்த ஆய்வின் முடிவு 2006இல் வெளியாயிற்று: 164 பேருக்கு 48 வாரங்கள் 7 சதவீத உப்புநீரை அல்லது சாதாரண உப்புநீரை நெபுலைசரில் கொடுத்துப் பார்த்ததில், அடர்ந்த உப்புநீர் பெற்றவர்களுக்கு நோய் தீவிரமடையும் தடவைகள் கணிசமாகக் குறைந்தன. அந்த நோயில் நுண்மயிர்கள் அசைபவை என்பதால் அதே பலனைப் பி.சி.டி.யில் அப்படியே எதிர்பார்க்க இயலாது, பி.சி.டி. உள்ள பெரியவர்கள் 22 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில் வாழ்க்கைத் தரத்தின் மொத்த மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. ஆயினும் சளி கெட்டியாக இருப்பவர்களுக்கு, பிசியோதெரபிக்குச் சற்று முன் அது கைகொடுக்கிறது என்பதால் மருத்துவர்கள் பலர் பரிந்துரைக்கிறார்கள்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். 4 மி.லி. அளவுள்ள 7 சதவீத உப்புநீரில் 280 மில்லிகிராம் உப்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதி கருவியிலும் வெளிக்காற்றிலும் வீணாகி, பத்தில் ஒரு பங்கே உள்ளே போனாலும் 28 மில்லிகிராம். உப்பு அறையின் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 10 மில்லிகிராம் உப்பு மிதப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அமைதியாக உட்கார்ந்திருப்பவர் ஒரு மணி நேரத்தில் இழுக்கும் காற்று அரை கன மீட்டரைத் தாண்டாது. ஆகவே உள்ளே போவது 5 மில்லிகிராமுக்குள். வீட்டில் பத்து நிமிடத்தில் கிடைப்பதில் சிறு பங்கைப் பெறுவதற்கு ஒரு மணி நேரமும் கட்டணமும் செலவிட வேண்டியதில்லை. அடர்ந்த உப்புநீர் சிலருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும் என்பதால், முதல் தடவையை மட்டும் மருத்துவமனையில், குழாய் விரிக்கும் மருந்தை எடுத்த பிறகு, மூச்சளவைச் சோதித்துக்கொண்டே தொடங்குங்கள்.

போலந்துக்குச் சுற்றுலாவாகப் போய் அந்தச் சுரங்கத்தைப் பார்த்து வியப்பது வேறு. சிகிச்சை என்று எண்ணிச் சேமிப்பைக் கரைப்பது வேறு. அந்தத் தொகையில் நல்ல நெபுலைசர் ஒன்றை வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை சளிப் பரிசோதனை செய்து, பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் ஓராண்டு தொடர்ந்து செல்லலாம். மருந்து வகையில் உறுதியான சான்று ஒன்றும் நமக்கு இருக்கிறது. 2020இல் வெளியான பெஸ்ட்சிலியா ஆய்வில் பி.சி.டி. உள்ள 90 பேர் பங்கேற்றார்கள்; வாரம் மூன்று நாள் அசித்ரோமைசின் மாத்திரையை ஆறு மாதம் எடுத்தவர்களுக்கு நோய் தீவிரமடையும் தடவைகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. அது உங்களுக்குப் பொருந்துமா என்று உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாத மருந்து அது. காது கேட்கும் திறன், இதயத் துடிப்பின் பதிவு, காசநோய் வகைக் கிருமிகள் ஆகியவற்றைச் சோதித்த பிறகே தொடங்க வேண்டும்.

*

கேள்வி: ஐரோப்பாவுக்கு எல்லாரும் போக முடியாது. இங்குள்ள ரிசார்ட் ஒன்றில் வெந்நீர்த் தொட்டி, நீராவி அறை எல்லாம் இருக்கின்றன. நுரையீரலுக்கு நல்லது என்கிறார்கள். என் தம்பிக்குப் பி.சி.டி. இருக்கிறது, அவனை அழைத்துச் செல்லலாமா?

— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ரிசார்ட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள், குமிழி பொங்கும் அந்த வெந்நீர்த் தொட்டியின் பக்கம் மட்டும் விடாதீர்கள். ஏறத்தாழ 25 முதல் 45 பாகை செல்சியஸ் வரையுள்ள வெதுவெதுப்பான நீர் லெஜியோனெல்லா கிருமிக்கு உகந்த இருப்பிடம். சூடோமோனாஸ் கிருமியும் அங்கே வளரும். உங்கள் தம்பியைப் போன்றவர்களின் நுரையீரலில் ஒரு முறை அது நிலைகொண்டால் வெளியேற்றுவது மிகக் கடினம். காசநோய்க் கிருமியின் உறவினவான, ஆனால் நீரில் வாழும் மைக்கோபாக்டீரியக் கிருமிகள் குளோரினையும் ஓரளவு தாங்கி, குழாய்களின் உட்புறப் படலத்தில் ஒளிந்திருக்கும். குமிழிகள் வெடிக்கும்போது இவை அனைத்தும் நுண்துளிகளாகி மூச்சோடு உள்ளே போகின்றன. ஆரோக்கியமானவர்களுக்கே இத்தொட்டிகளால் நுரையீரல் அழற்சி வந்ததைப் பார்த்துத்தான் அதற்கு ‘வெந்நீர்த்தொட்டி நுரையீரல்’ என்ற பெயரை மருத்துவர்கள் வைத்தார்கள். பிரான்சின் ஊற்றுநீர் நிலையங்கள் லெஜியோனெல்லா, சூடோமோனாஸ் இரண்டுக்காகவும் நீரைத் தொடர்ந்து சோதிக்கக் கடமைப்பட்டவை. கிருமி தென்பட்டால் அந்தப் பிரிவை மூடிவிடுகிறார்கள். பாரிஸ் தாய்க்கு நான் போய்வரச் சொன்னதும், உங்களுக்கு வேண்டாமென்பதும் இதனால்தான். குளோரின் சரியாகப் பராமரிக்கப்படும் சாதாரண நீச்சல்குளத்தில் உங்கள் தம்பி தாராளமாக நீந்தலாம். நீந்தினால் மூச்சு நன்றாக வாங்கும், சளி பெயரும்.

வீட்டில் மூக்குக் கழுவுபவர்களுக்கும் இதையொட்டி ஒரு வார்த்தை. குழாய்நீரை அப்படியே மூக்கில் விடாதீர்கள். நெக்லேரியா என்னும் அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறி உயிரைப் பறிக்கக்கூடியது. 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர் அதனால் இறந்தார்கள். அண்மை ஆண்டுகளில் கேரளத்திலும் மூளையைத் தாக்கும் அமீபா நோய் பலருக்கு வந்திருக்கிறது. கொதிக்க வைத்து ஆறிய நீரில் உப்புக் கரைத்துப் பயன்படுத்துங்கள். நெபுலைசரின் பாகங்களையும் நாள்தோறும் கழுவி, கொதிநீரில் இட்டு, நன்றாக உலரவிடுங்கள்.

*

கேள்வி: இந்த நோயுள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரே நேரத்தில் ஒரு சிகிச்சை ஊருக்குப் போகத் திட்டமிடுகிறோம். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருப்பார்கள் அல்லவா?

— ஒரு தாய், லண்டன்

பதில்: ஆறுதல் கிடைக்கும், அத்துடன் கிருமியும் கைமாறலாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயுள்ள பிள்ளைகளுக்காக முன்பு வட அமெரிக்காவில் கோடை முகாம்கள் நடத்தினார்கள். பர்கோல்டேரியா என்னும் கொடிய கிருமி அங்கே ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குப் பரவுவது தெரிந்த பின் அவற்றைக் கைவிட்டார்கள். எவ்வளவோ அன்போடு தொடங்கப்பட்ட ஏற்பாடு அது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது. பி.சி.டி.யில் அத்தகைய பரவல் அந்த அளவுக்குக் காணப்பட்டதில்லை என்றாலும் அந்தப் பாடத்தை நாம் மறக்கக் கூடாது. ஜெர்மானியத் தந்தையிடம் பிற பிள்ளைகளோடு வாழ்வது நல்லது என்று எழுதினேன். அங்கே, சளியில் என்ன கிருமி இருக்கிறது என்பதைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் முறை இருக்கிறது. நீங்களாகச் செல்லும்போது அந்த வேலையை நீங்களே செய்ய வேண்டும். எல்லாப் பிள்ளைகளின் அண்மைய சளிப் பரிசோதனை முடிவுகளையும் மருத்துவரிடம் காட்டி, சேர்ந்து செல்லலாமா என்று கேளுங்கள். சென்றால், விளையாட்டும் நடையும் திறந்த வெளியில் சேர்ந்தே நடக்கட்டும். நெபுலைசரும் பிசியோதெரபியும் தனித்தனி அறைகளில், கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து நடக்கட்டும்.

*

கேள்வி: பாரிஸிலிருந்து எழுதிய தாயே மீண்டும் எழுதுகிறேன். ஆகஸ்டில் திருகோணமலைக்குப் போகிறோம். கன்னியா வெந்நீர் ஊற்றில் மகனைக் குளிக்க வைக்கலாமா? அவனுடைய அம்மம்மா மிகவும் ஆசைப்படுகிறார்.

பதில்: அந்த ஏழு கிணறுகளிலும் வாளியால் மொண்டு ஊற்றிக் குளிப்பதுதான் வழக்கம் என்பதால் நீர்ப்புகையை உள்ளிழுக்க நேராது, அம்மம்மாவின் ஆசை நிறைவேறட்டும். மூச்சுநோய்க்கு அதில் மருந்து என்று எதிர்பார்க்க வேண்டாம். மேலே சொன்ன அமீபாவுக்கு இயற்கையான வெந்நீர் பிடித்தமான இடம். ஆகவே தலையில் ஊற்றாமல் கழுத்துக்குக் கீழே மட்டும் ஊற்றுங்கள், முகத்தை வீட்டிலிருந்து கொண்டுபோகும் நீரால் கழுவுங்கள். காதில் கிராமெட் இருந்தால் பஞ்சில் வாசலின் தடவி அடைத்துவிடுங்கள். ஆகஸ்டில் அங்கே வெயில் கடுமையாக இருக்கும், உடலில் நீர் குறைந்தால் சளி இறுகும்; அவன் அடிக்கடி தண்ணீர் குடிக்கட்டும். அன்றைய காலைப் பிசியோதெரபியை முடித்த பிறகே வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.